முக்கால் போத்தல் விளக்கெண்ணெய்

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல அந்த வயதில் எனக்கு வாய் வராது. இப்போதும் அவ்வளவு லேசில் வராது. யாராவது எதையாவது கேட்டால் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு பதில் சொல்வேன். மறுத்துப் பேசினால் மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்த இரண்டு குணமும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கைக்குழந்தையை வாய்க்கால் ஓரம்வரை கொண்டுபோய் விட்டன.

யுத்த காலம். தல்லாகுளத்தில் அக்கா வீட்டில் தங்கி, கோர்ட்டில் நகல் எழுதும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் ரோடு கான்ட்ராக்டர். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து, பக்கத்தில் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார். அவர் ஓட்ட, அக்கா எட்டு மாதப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தொட்டியில் உட்கார்ந்து போனால் தெருவே வாசலுக்கு வந்து நிற்கும்.

குழந்தைக்கு முடியிறக்க வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. "வண்டிக்கு எண்ணெய் கறுத்துப் போச்சு. பழசை வடிச்சிட்டு நல்ல சீமை எண்ணெயாப் பாத்து ஊத்தி வையி மாப்ள. உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்று சொல்லிவிட்டு மச்சான் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்விட்டார். அந்த "தெரியுமே" போதாதா எனக்கு? தலைகால் புரியவில்லை.

டவுனில் மூன்று கடை ஏறி இறங்கினேன். சீமை எண்ணெய் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது என்று கையை விரித்தார்கள். ஒரு கடையில் மட்டும், பஸ்ஸில் ஊற்றி எடுத்த கழிவை வடிகட்டி டின்னில் அடைத்து, இதுதான் அசல் என்றான். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். தண்ணீராக வழிந்தது. "யாருகிட்ட காது குத்துறே?" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். அதுவரைக்கும் சரிதான். ஆனால் வெறுங்கையோடு மச்சான் முன்னால் நிற்க வேண்டுமே!

வரும் வழியில் ஒரு யோசனை. பந்தயம் ஓட்டுகிற துரைமார் மோட்டார் சைக்கிளுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள் என்று யாரோ பேசக் கேட்டிருந்தேன். அது பொய் இல்லை, நிஜம். மாட்டுவண்டி அச்சிலிருந்து பிள்ளை வயிறு வரைக்கும் விளக்கெண்ணெய் தேய்த்துப் பழகின ஊரில் பிறந்தவனுக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? அக்காவின் அடுப்படியில் செக்கில் ஆட்டின விளக்கெண்ணெய் ஒரு போத்தல் நிறைய இருந்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

பழைய எண்ணெயை வடிக்க சீட்டுக்கு அடியில் இருந்த திருகாணியில் கை வைத்ததும் அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"டேய், இன்னிக்கு வெள்ளிக்கிழமைடா! எண்ணெய் ஏனத்தைச் சுத்தமா வறளவிடாத. புள்ளைய ஏத்திக்கிட்டுப் போற வண்டி. கொஞ்சமாச்சும் அடியில கெடக்கட்டும்."

எங்கள் வீடுகளில் உப்பும் அரிசியும் எண்ணெயும் அடிவரை தீரவிட மாட்டார்கள். தீருவதற்குள் மேலே புதுசை ஊற்றிவிட வேண்டும். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கொஞ்சத்தை மட்டும் வடித்துவிட்டு, கறுத்த எண்ணெய்க்கு மேலேயே முக்கால் போத்தல் விளக்கெண்ணெயை ஊற்றி மூடினேன். மிச்சத்தைத் தலையில் தேய்த்துக்கொண்டேன். மச்சான் திரும்பி வந்து கேட்டபோது, "சீமை எண்ணெய் கெடச்சிருச்சு மச்சான், அலைஞ்சு திரிஞ்சு வாங்கிட்டேன்" என்று கூசாமல் சொன்னேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள். எண்ணெய் வடிக்க இரவல் வாங்கியிருந்த ஸ்பானரைத் திருப்பிக் கொடுக்க நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பஸ் ஷெட்டுக்குப் போனேன். அங்கே இருந்த மெக்கானிக் பாய் பேச்சுவாக்கில், "என்ன எண்ணெய் ஊத்துனீங்க தம்பி?" என்றார். பெருமையாகச் சொன்னேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"விளக்கெண்ணெய் தப்பில்ல. பழசைச் சுத்தமா வடிச்சீங்கள்ல?"

"கொஞ்சம் கெடந்துச்சு பாய். அதுக்கென்ன?"

"யா அல்லா! ரெண்டும் சேரவே சேராது தம்பி. சூடு ஏற ஏறப் பசை மாதிரி கட்டிக்கிட்டு எண்ணெய் போற குழாயை அடைக்கும். எண்ணெய் போகலேன்னா பிஸ்டன் புடிச்சுக்கும். ஓடுற வேகத்துல பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கும். சட்டுனு க்ளச்சைப் புடிச்சாத் தப்பிச்சான். இல்லேன்னா தொட்டியோட புரட்டிப் போட்டுரும்."

தொட்டியில் அக்கா. அக்கா மடியில் பிள்ளை. "வண்டி எடுத்து எம்புட்டு நேரமாச்சு?" என்று பாய் கேட்டதுகூடக் காதில் விழவில்லை. திண்டுக்கல் பஸ் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன்.

அது கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் பின்னால் கரி அடுப்பு மூட்டி அந்தப் புகையில் ஓட்டுவார்கள். மாட்டுவண்டி முந்திக்கொண்டு போகும். மேடு வந்தால் நின்றுவிடும். கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிண்டுவார். சமயநல்லூருக்கு முன்னால் இரண்டு தடவை நின்றது. "அண்ணே, சீக்கிரம் எடுங்கண்ணே" என்று டிரைவரிடம் கெஞ்சினேன். "நீ வேணா இறங்கித் தள்ளுறியாப்பா?" என்றார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான் நிஜமாகவே இறங்கித் தள்ளினேன்.

ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. ஓரிடத்தில் ரோட்டில் கூட்டம். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அச்சு முறிந்த வைக்கோல் வண்டி. இன்னோரிடத்தில் புளியமரத்து அடியில் சிவப்பாக ஏதோ கிடந்தது. யாரோ காயப்போட்டிருந்த சேலை. குலதெய்வத்திடம் வேண்டினேன். என்னைப் புரட்டிப் போடு, அந்தப் பச்சை மண்ணை விட்டுவிடு என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். போய்ச் சேர்ந்ததும் மச்சான் காலில் விழுந்து, நான்தான் ஊற்றினேன், பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வதாகச் சத்தியமும் செய்தேன்.

வாடிப்பட்டிக்கு இந்தப் பக்கம் வாய்க்கால் பாலம். தண்ணீர் கரை தட்டிப் போய்க்கொண்டிருந்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவர் ஓரம் மோட்டார் சைக்கிள் குறுக்கே கிடந்தது. தொட்டி சுவரின் விளிம்பில் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஆள் இல்லை. கீழே தண்ணீரில், குழந்தைக்குப் போட்டிருந்த மஞ்சள் குல்லா ஒரு செடியில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தது.

பஸ் நிற்பதற்கு முன்பே குதித்தேன். முட்டி பெயர்ந்தது. "அக்கா" என்று கத்திக்கொண்டு பாலத்துக்கு ஓடினேன். அப்போதுதான் ரோட்டோர மரத்துப் பின்னாலிருந்து பிள்ளை வீரிட்டு அழுதது. எந்த அழுகையையும் என் ஜென்மத்தில் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. அக்கா மண்ணில் உட்கார்ந்து பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நெற்றியில் ஒரு வீக்கம். பிள்ளைக்குக் கீறல்கூட இல்லை.

மச்சான் முழங்கையில் ரத்தம் உறைந்திருக்க, எண்ணெய் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழகொழவென்று பசை மாதிரி விரலோடு வந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

"என்னத்தடா ஊத்துனே?"

சொல்ல வேண்டியதுதானே? பஸ்ஸில் செய்த சத்தியம் எங்கே போனது? அவர் கையில் ஸ்பானர் இருந்தது. அவர் வீட்டுச் சோறு, அவர் பிடித்துக் கொடுத்த வேலை எல்லாம் கண் முன்னால் வந்தது.

அக்கா தலை நிமிராமல் சொன்னாள். "அவன் சீமை எண்ணெய்தான் ஊத்துனான். காலையில பாத்தேன், கொறைஞ்சிருந்துச்சு. நான்தான் அடுப்படி விளக்கெண்ணெயில ரெண்டு கரண்டி ஊத்துனேன்."

பஸ்ஸே இறங்கி வேடிக்கை பார்க்க மச்சான் அவளைத் திட்டிய திட்டு இருக்கிறதே! பிள்ளையைக் கொல்லப் பார்த்தவளே என்றார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் கிழியப் பேசுகிற நான் கல்லு மாதிரி நின்றேன். ராத்திரி அக்காவிடம், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "வடிக்காதேன்னு சொன்னது நான்தானே. எனக்கு அவரு ஏசுறது பழகிப்போச்சு. உனக்குப் பழகலையேடா" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை.

மச்சான்தான் பேசினார். கோபம் ஆறி அது ஒரு தமாஷ் கதை ஆகிவிட்டது. எந்த விசேஷத்திலும் நாலு பேர் கூடினால், "இவ ரெண்டு கரண்டி ஊத்துன கதை தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். எனக்கு மட்டும் அவர் வாயைத் திறந்தாலே பயம் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு உண்மை எங்கேயாவது இடறி வெளியே வந்துவிடுமோ என்று வேர்த்துப்போகும். வருஷக் கணக்காக இதே பயம்தான்.

அந்தப் பிள்ளை வளர்ந்து அவளுக்கே கல்யாணம். முதல் நாள் மாலை மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மச்சான் கதையை எடுத்தார். சம்பந்தி வழியில் ஒருத்தர் லாரி வைத்திருந்தார். அவர் சிரித்துக்கொண்டே, "ரெண்டு கரண்டிக்கெல்லாம் எஞ்சின் எங்கங்க பூட்டும்? சும்மா அளக்காதீங்க" என்றார்.

யாராவது மறுத்துப் பேசினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொன்னேன் அல்லவா?

"யாருய்யா ரெண்டு கரண்டின்னது? முழுசா முக்கால் போத்தல்!"

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. சிரிப்புச் சத்தத்தில் வேறு யாரும் கவனிக்கவில்லை. பூ கட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. மச்சான் என்னைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார், ரொம்ப நேரம்.

"பந்திக்கு இலை போட்டாச்சான்னு போய்ப் பாரு மாப்ள" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை.