அண்ணனின் எடைக்கல்

எங்கள் அண்ணன் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. எனக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

அண்ணன் பிறந்தது வேடசந்தூர்ப் பக்கம், மழையை நம்பிய பூமி. ஐயா தவறிய பின் அம்மாவையும் என்னையும் திண்டுக்கல்லுக்குக் கூட்டி வந்து, பட்டறையில் சம்மட்டி அடித்து, முப்பது வயதுக்குள் சொந்தமாகக் கார் ஸ்பிரிங் கடை வைத்தார். எனக்குக் கல்யாணமான பிறகும் கடைக்குப் பக்கத்திலேயே குடி வைத்துக்கொண்டார். கோபக்காரர்தான். ஆனால் பொய் கிடையாது.

அந்தக் காலத்தில் ஸ்பிரிங் உடைந்தால் பழைய வண்டியில் கழற்றியதைத்தான் போடுவார்கள். உயரமும் சுற்றும் ஒன்றாக இருந்தாலும், கம்பி ஒரு நூல் தடித்தால் விறைப்பு மாறிவிடும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் மலை வளைவில் வண்டி சாயும். அதனால் அண்ணன் ஒரு நீளப் பலகையின் முனையைச் சுவரில் பிணைத்து, சுவரோரமாக அதன் அடியில் ஸ்பிரிங்கை நிறுத்துவார். மறுமுனையில் நான் உட்காருவேன். பலகை எதுவரை இறங்குகிறதோ அங்கே பக்கவாட்டுச் சுவரில் கரிக்கோடு.

"நீ கூடவும் மாட்ட, கொறையவும் மாட்ட. சந்தைப் படிக்கல்லவிட நீதான் தாயி நம்பிக்கை" என்பார். எனக்கு அதில் பெருமை.

தோல் வியாபாரம் செய்த பாய் ஒருவரின் காரில், வலப்பக்க ஸ்பிரிங்கைத் தை மாதம் அளந்து கோடு போட்டிருந்தார். சித்திரையில் இடப்பக்கத்தது உடைந்தது. பழையது ஒன்றைத் தேடி வந்து என்னை உட்கார வைத்தார். பலகை அதே கோட்டில் நின்றது. பூட்டிக் கொடுத்தார். மறுநாள் காலை பாய் பிள்ளைகுட்டிகளோடு கொடைக்கானல் கிளம்பினார். வழியில் சித்தையன்கோட்டை மாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு.

உச்சிப் பொழுதில் பக்கத்து வீட்டு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டி, இம்புட்டு ஒடம்பு பூசிட்ட?"

என் எடை கூடியிருப்பது உறைத்தது. அப்போது நாலு மாதம். இரண்டு தடவை தங்காமல் போனதால், ஐந்து முடியும்வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாதென்பது அம்மா கட்டளை. சொன்னால் இதுவும் போய்விடுமோ? சொல்லாவிட்டால் மலையில் அந்தப் பிள்ளைகள்?

கடைக்கு ஓடினேன். "அண்ணே, பலகையில ஒக்காந்தது நான் மட்டும் இல்ல."

"பின்ன யாரு ஒக்காந்தா?"

வயிற்றில் கை வைத்துத் தலைகுனிந்து நின்றேன். அண்ணன் கரிக்கோட்டைத் திரும்பிப் பார்த்தார். "எடை கூடியும் அதே கோட்டுல நின்னுச்சுன்னா, அது விறைச்ச ஸ்பிரிங்காச்சே!" சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்.

பொழுது சாயும்வரை வாசலிலேயே நின்றேன். அடிவயிறு இழுத்துப் பிடித்தது. நிஜமா, பயமா என்று தெரியவில்லை. கடைசியில் பாயின் கார் மெதுவாக வந்தது, கூரைமேல் அண்ணனின் சைக்கிளோடு. மாமியார் இன்னொரு கவளம் என்று இருத்திவைத்ததால், மலையேறுமுன் அண்ணன் பிடித்துவிட்டாராம்.

பாய் இறங்கிச் சிரித்தார். "தங்கச்சி, ஒம்புள்ள பொறக்குமுன்னயே எங் காரை மறிச்சுப்புடுச்சே! செத்த நேரம் ஒக்காரும்மா."

"ஒக்காரட்டும். பலகையில மட்டும் வேணாம்" என்றார் அண்ணன்.

மறுநாள் தராசில் நிறுத்த மணல் மூட்டையை வைத்து இரண்டு ஸ்பிரிங்கையும் அளந்தார். இரண்டு விரல் வித்தியாசம். அதன்பின் என் எடையை அவர் நம்பவே இல்லை.

போன வருடம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காரிலும், "முன்னால எடதுபக்கம் விறைப்பா இருக்கு, பாக்கச் சொல்லு" என்றார். அதுதான் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அவரைப் பார்த்துக்கொண்ட டாக்டர், நர்சம்மா, ராவும் பகலும் துணையிருந்த தெருக்காரர்கள், தோள் கொடுத்த பாயின் மகன்கள் அனைவருக்கும் கைகூப்புகிறேன். அன்று என்னோடு பலகையில் உட்கார்ந்தவளும் இதை எழுதி முடித்துக் கைகூப்புகிறாள்.