செல்வி என் மடியில் வைத்த குழந்தை

அங்காளம்மனை நம்பும் தாய்மார்களே, என் மகன் உயிரோடு இருப்பது அவள் போட்ட பிச்சை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

போன வருஷம் ஆடியில் எனக்கு எட்டாம் மாதமே இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டன. மகள் அன்றைக்கே போய்விட்டாள். மகன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். நான் மாடியில் பிரசவ வார்டில், பிள்ளையோடு படுத்திருப்பவர்களுக்கு நடுவில், வெறும் மடியோடு கிடந்தேன்.

"பையனுக்கு உன் பால்தாம்மா மருந்து. ஒரு ஸ்பூனாவது பீச்சிக் குடு" என்றார் நர்ஸம்மா. மார்பு கன்றிப்போனதே தவிர ஒரு சொட்டு வரவில்லை. என் வீட்டுக்காரர் மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்து காலிக் கிண்ணத்தைப் பார்ப்பார். அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்.

அந்த வார்டில் நான் பாத்ரூமுக்கு நடந்தால், என் கண் பட்டுவிடும் என்று வழிநெடுகத் துண்டை இழுத்துப் பிள்ளைகளின் முகத்தை மூடுவார்கள். அவரவர் பயம் அவரவருக்கு. எந்தக் குழந்தை அழுதாலும் என் மகளின் குரலாகவே கேட்கும். எழுந்து தேடுவேன். அவளைப் புதைத்தாயிற்று என்று பிறகுதான் உறைக்கும்.

"ஒருத்தியை எடுத்துக்கொண்டாய். இவனுக்குப் பாலாவது கொடு. கொடுக்காவிட்டால் நீ என்ன தாய்?" என்று அம்மனோடு சண்டை போட்டு அழுதேன்.

அழுது முடிக்கவில்லை, பக்கத்துக் கட்டில் செல்வி தன் பெண் குழந்தையோடு வந்து நின்றாள். மந்தாரக்குப்பத்துப் பெண். "அக்கா, இவள கொஞ்சம் வச்சிகினு இருங்க. மூஞ்சி கழுவிகினு வந்துடறேன்."

துணைக்கு வந்திருந்த அவள் சித்தி பதறினாள். "அடிப்பாவி, யார்கிட்டடி குடுக்கற?"

"அவங்களும் புள்ள பெத்தவங்கதான? சும்மா இரு சித்தி!"

மடியில் அந்தச் சூடு பட்டது. குழந்தை வீறிட்டாள். ஐயோ, என் ரவிக்கை நனைந்துவிட்டது! கிண்ணம், கிண்ணம் என்று கத்தினேன். அந்தச் சித்தியேதான் ஓடிப்போய் எடுத்துவந்தாள்.

மகன் பிழைத்துக்கொண்டான். இப்போது வீடெல்லாம் தவழ்கிறான். மகளுக்காக அம்மனோடு எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனாலும் கும்பிடுகிறேன். பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டுவிட்டு ஒருத்தி படுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டால், போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

கூப்பிடுங்கள், அம்மன் வருவாள். அன்றைக்கு நைட்டியும் கலைந்த தலையுமாக வந்தாள். உங்கள் பக்கத்துக் கட்டிலில் யாராவது வெறும் மடியோடு கிடந்தால், உங்கள் பிள்ளையைக் கொஞ்ச நேரம் அவளிடம் கொடுங்கள். பயப்படாதீர்கள். செல்வியின் மகள் நன்றாக இருக்கிறாள், நடக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள்.