மலைக்காரி முறுக்கும் ஒரு வக்கீல் நோட்டீஸும்

நானும் என் மனைவியும் தியாகதுருகத்தில் முறுக்குக் கடை வைத்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சாமை மாவில் சுடுகிற முறுக்கு. சாமையைக் கல்வராயன் மலையிலிருந்து ஓர் அம்மாள் கொண்டுவருவார். வெள்ளிமலை பஸ்ஸில் கள்ளக்குறிச்சி வந்து, அங்கே வேறு பஸ் பிடித்து, இரண்டு மூட்டைகளோடு எங்கள் கடை வாசலில் இறங்குவார். நேரில் அக்கா என்போம். அவர் போன பிறகு மலைக்காரி என்போம். கடைக்கு வருகிறவர்களும் அதைக் கேட்டுப் பழகி, "மலைக்காரி முறுக்கு குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். போர்டிலும் அதையே எழுதினோம். யோசித்து வைத்த பெயர் இல்லை. யோசித்திருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்போம்.

கள்ளக்குறிச்சி ஸ்வீட் ஸ்டால் முதலாளி ஒருவர் இரண்டு வருஷம் எங்களிடம் முறுக்கு வாங்கி விற்றார். என் தோளில் கை போடாமல் பேசவே மாட்டார். திடீரென்று வாங்குவதை நிறுத்தினார். அடுத்த மாதம் அவர் கடையில் பளபளவென்று ஒரு பாக்கெட் சரம் சரமாகத் தொங்கியது. மலைக்காரி முறுக்கு. படத்தில் ஒரு பெண். கண்ணாடிச் சில்லு வைத்த பாவாடை, தலையில் பானை, பின்னால் மணல்மேடு. கல்வராயன் மலைக்கு ஓர் ஒட்டகம்தான் பாக்கி. பெயருக்குப் பக்கத்தில், வட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து.

அதற்குப் பின்னாலேயே வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவருடைய பதிவு பெற்ற பெயரை நாங்கள் திருடி விற்கிறோமாம். பதினைந்து நாளில் போர்டை இறக்கி, மன்னிப்பும் எழுதித் தரவேண்டுமாம். 'பல்லாண்டு உழைப்பால் ஈட்டிய நற்பெயர்' என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பல்லாண்டும் உழைத்தது என் மனைவியின் தோள்பட்டை.

நான் அவருக்குப் போன் செய்தேன். "இன்னாண்ணே இது?"

"நமக்குள்ள ஒண்ணும் இல்ல தம்பி. சட்டம்னு ஒண்ணு இருக்குதில்ல? நீ வேற பேரு வெச்சிக்க. உன் முறுக்கு எந்தப் பேருல வித்தாலும் ஓடும்."

"அப்ப நீங்களே வேற பேரு வெச்சிருக்கலாமே?"

"என்னுது ஓடாதுப்பா" என்றார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். அவர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இவரு பதிவே வாங்கலைங்க. மனு மட்டும் போட்டுட்டு உக்காந்துகினு இருக்காரு. பதிவு ஆனவங்க போடற அந்த வட்ட எழுத்த இவரு போடறதே தப்பு. அவருக்கு முன்னாடியே நீங்க இந்தப் பேருல வித்ததுக்கு ஆதாரம் எதுனா இருக்குதா?"

எங்களிடம் ரசீதுப் புத்தகம்கூடக் கிடையாது. வீடு முழுக்கக் கவிழ்த்துத் தேடினோம். கடைசியில் மாவு டப்பாவுக்கு அடியில் விரித்திருந்த பழைய கபடிப் போட்டி நோட்டீஸை என் மனைவி உருவி எடுத்தாள். இரண்டாம் பரிசுக் கோப்பை உபயம்: மலைக்காரி முறுக்குக் கடை. வருஷமும் அச்சாகியிருந்தது. எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளை வக்கீலம்மா செப்பேடு மாதிரி இரண்டு கையாலும் வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார்.

"சாமை கொண்டாற அம்மாவாலதான் இந்தப் பேரு வந்துச்சுன்னு ஒரு வாக்குமூலம் வாங்கிடலாம். அவங்க பேரு இன்னா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒன்பது வருஷம் எங்கள் வீட்டில் காப்பி குடித்த மனுஷி. அவர் மகளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரியும். முட்டி எப்போது வலிக்கும் என்று தெரியும்.

"மலைக்காரி" என்றேன்.

வக்கீலம்மா பேனாவை மூடிவிட்டார்.

அடுத்த வாரம் அக்காவையே அழைத்துப் போனோம். அவர் தன் பெயரைச் சொன்னார். அழகான பெயர். நானும் அன்றுதான் கேட்டேன். வக்கீலம்மா விஷயத்தை விளக்கியதும் அக்காவுக்கு ஒரே ஆச்சரியம்.

"என்னைக் கூப்புடற பேர அந்தாளு வாங்கிட்டானா? யாருகிட்ட வாங்குனான்?"

ஸ்வீட் ஸ்டால்காரர் மனுவை எதிர்த்து ஆட்சேபம் எழுதி முடிந்தது. "இது மட்டும் பத்தாது. நம்ம பக்கத்துல இருந்தும் பதிவுக்கு ஒரு மனு போட்டுடலாம். யாரு பேருல போடட்டும்?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"என் பேருலதான்" என்றேன். மூச்சுவிடுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை. "அந்தாளு என்னப் பாக்காமலே எடுத்துக்கினான். நீ வாராவாரம் பாத்துக்கினே எடுத்துக்கின. வேற இன்னா தம்பி வித்தியாசம்?"

என் மனைவி எனக்கு முன்பே பேசிவிட்டாள். "அக்கா பேருலயே போடுங்க மேடம்."

எங்கள் ஆட்சேபத்துக்கு ஸ்வீட் ஸ்டால்காரர் கெடு முடியும்வரை பதில் போடவில்லை. அவர் மனு விழுந்தது. பாக்கெட்டில் இருந்த பெண்ணை மட்டும் அவர் விடவில்லை. அதே பாவாடை, அதே பானையோடு அவள் இப்போது 'மலைராணி'. என்னை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் இன்னும் தோளில் கை போடுகிறார்.

பதிவு வரக் காலம் பிடித்தது. வந்ததும் அக்கா தன் ஊர்ப் பெண்கள் குழுவோடு வெள்ளிமலையிலேயே முறுக்கு சுட ஆரம்பித்தார். மாவுப் பதம் என் மனைவிதான் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். "நீங்களும் அந்தப் பேரையே வெச்சிக்கங்க, நான் எழுதித் தரேன்" என்று அக்கா தாராளமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நாக்கு கூசியது. போர்டை நானே இறக்கினேன்.

புதுப் பெயர் ஒன்றும் அமையவில்லை. வெறுமனே 'முறுக்குக் கடை' என்று வைத்தால் பதிவு செய்யலாமா என்று வக்கீலம்மாவைக் கேட்டேன். "முடியாதுங்க. அது எல்லாருக்கும் பொதுவான வார்த்தை. யாரும் சொந்தம் கொண்டாட முடியாது" என்றார்.

போர்டில் அதையே எழுதச் சொல்லிவிட்டோம்.