அம்மா கதைத்த இத்தாலியன்

சுன்னாகத்தில் பிறந்த எங்கள் அம்மா, மொன்றியலில் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இளவயதிலேயே எங்கள் அப்பாவை இழந்தவர். என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் குடியேறி, தையல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பக்கத்து மெஷின்களில் இருந்தவர்கள் எல்லோரும் தென் இத்தாலியின் ஒரே மலைக்கிராமத்துப் பெண்கள். பிரெஞ்சு பிடிபடுவதற்கு முன்னரே அவர்கள் பேச்சு அம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டது.

நான் கல்லூரியில் இத்தாலிய மொழி படித்தேன். தம்பியின் பிறந்தநாளுக்கு வந்த பழைய தையல் தோழியோடு அம்மா கதைத்துக்கொண்டிருந்தபோது, வீடு நிறைந்த ஆட்களுக்கு முன்னால், "அம்மா, நீங்கள் கதைக்கிறது இத்தாலியனே இல்லை" என்று சொல்லித் திருத்தினேன். அம்மா கேக் வெட்டப் போய்விட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தொழிற்சாலை மூடப்பட, இத்தாலியர்களுக்கான முதியோர் இல்லம் ஒன்றில் அம்மா பராமரிப்பு வேலைக்குப் போனார். அங்கே சிசிலிக்காரர் சொல்வது வடக்கத்தியாருக்கு விளங்காது. கடைசியில் பிரெஞ்சில்தான் சண்டை பிடிப்பார்களாம்.

ஒருமுறை மூன்று நாள் லீவு முடிந்து போன அம்மாவை நான் காரில் கொண்டுபோய் விட்டேன். தையல் தோழிகளின் அதே மலைக்கிராமத்தைச் சேர்ந்த, பக்கவாதம் வந்த ரோசா என்ற மூதாட்டி அந்த மூன்று நாளும் சாப்பாட்டைத் தள்ளிவிட்டபடி எதையோ முணுமுணுத்திருக்கிறார். மகனுக்கே விளங்கவில்லை. பிள்ளைகள் படித்தவர்களைப் போலப் பேசவேண்டுமென்று கிராமத்துப் பேச்சை ரோசா வீட்டுக்குள் விட்டதில்லை. உணவுக்குழாய் வைக்க மருத்துவர் முடிவெடுத்திருந்தார். மகன் நடைவழியில் நின்று அழுதார். என்ன வேண்டுமென்று நான் பெருமையோடு என் கல்லூரி இத்தாலியனில் கேட்டேன். மூதாட்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அம்மா குனிந்து காது கொடுத்தார்.

"பல்லைக் காணேல்லையாம், பிள்ளை. பல்லில்லாமல் மகனுக்கு முன்னாலை சாப்பிட வெக்கமாம்."

பல்செற் அலுமாரியில் கம்பளிக் காலுறைக்குள் இருந்தது. அன்றே ஒரு கோப்பை சூப் குடித்தார். குழாய் தேவைப்படவில்லை. பின்னேரம் காரில் அம்மாவே சொன்னார்: "உன்ரை இத்தாலியன் நல்லதுதான். மனிசி பள்ளிக்கூடம் போகேல்லை, அவ்வளவுதான்."

அம்மாவின் நோயில் துணைநின்ற உறவினர், தாதியர், சோறு கறி கொண்டுவந்த அயலவர் அனைவருக்கும் நன்றி. ரோசாவின் மகனுக்கும் நன்றி. தாயோடு பேசுவதற்காக அந்தப் பேச்சை அம்மாவிடமே கற்றவர் அவர். அம்மாவின் கடைசிக் கிழமையில் வந்து அந்தப் பேச்சிலேயே இரண்டு வசனம் பேசினார். அம்மா கண்ணைத் திறக்காமலே ஒரு சொல்லைத் திருத்தினார்.

நான் திருத்தியதற்கு அம்மாவிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று எல்லோருக்கும் முன்னால்தான் சொன்னேன். இன்று எல்லோருக்கும் முன்னால் கேட்கிறேன். மன்னியுங்கோ, அம்மா.