பூட்டிய வீட்டின் முன் பத்து நொடி

எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். பாட்டைப் பற்றி யாராவது வாய் திறந்தால், அன்றைக்கு எல்லோருக்கும் அவர் பப்ஸ் வாங்கித் தர வேண்டும்.

திருப்பூரில் சினிமாப் பாட்டுக்கு ரசிகர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. தையல் மெஷின் ஓடுகிற இடத்தில் எல்லாம் பாட்டும் ஓடும். நாங்கள் வேறு ரகம். படத்தில் ஒருவரும் பாடாமல், சும்மா நடந்துகொண்டோ அழுதுகொண்டோ இருக்கும்போது, பின்னால் வயலினும் செல்லோவும் கொம்பும் கிளம்பி வருமே, அதற்காகவே படம் பார்க்கிறவர்கள். மொத்தம் ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அருள்புரத்தில் ஒரு பேக்கரியின் மூலை மேஜையில் கூடுவோம். மற்ற ஆறு நாளும் வாட்ஸ்அப்பில் அடித்துக்கொள்வோம். படம் எப்படி என்று கேட்டால் எங்களில் பாதிப் பேருக்குக் கதையே தெரியாது. இரண்டாம் பாதியில் ஓபோக் குழல் நன்றாக இருந்தது என்போம். என் மனைவி இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்தக் கூட்டத்துக்கு என்னைத் தலைவராக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. என் குரல் பெரியது, அதனால் நானே ஆகிவிட்டேன். எனக்குத் தொழில் ஜாப் ஒர்க். ஆறு நிட்டிங் மெஷின் போட்டு நூலைத் துணியாக்கிக் கொடுக்கிறேன். இருபத்தைந்து வருடமாக அந்த இரைச்சலுக்குள் நின்று கத்திக் கத்தி, பேக்கரியிலும் அதே குரல்தான் வரும். பக்கத்து மேஜைக்காரர்கள் டீயை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள்.

குரலைவிடப் பெரிய பெருமை எனக்கு என் காது. மெஷின் ஓடும்போது உள்ளே ஒரு ஊசி உடைந்தால், ஆபீஸ் ரூமில் உட்கார்ந்தபடியே "மூணாவது மெஷின், நிறுத்து" என்பேன். ஆபரேட்டர்கள் வாயைப் பிளப்பார்கள். காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான்களும் எங்களிடம் உண்டு. ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்து ஆடிட் வருகிற நாளில் எல்லோரும் ஒழுங்காக மாட்டிக்கொள்வோம். ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டியதும் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவோம். காதை அடைத்துக்கொண்டால் ஊசி உடைவது எப்படிக் கேட்கும் என்பது என் கட்சி. அந்தக் காதை வைத்துத்தான் இசைக்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தீர்ப்பு மட்டும் இல்லையென்றால், ஊரில் ஜாப் ஒர்க் செய்கிற நூற்றுக்கணக்கான பேரில் நானும் ஒருவன்.

எங்கள் சண்டைகளில் இரண்டு இசையமைப்பாளர்கள் நிரந்தரம். ஒருவரைப் பெரியவர் என்போம். இன்னொருவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது என்றாலும் புதியவர் என்போம். பெரியவர் ஐம்பது வயலின்காரர்களை உட்கார வைத்து எழுதுவார். புதியவர் பாதியைக் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடுகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம். "இது சுத்தக் காட்டன் இல்லீங்க, பாலியெஸ்டர் கலந்திருக்குது" என்று நான் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அப்பீலுக்கு வருகிற ஒரே ஆள் சோமனூர்க்காரர். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் துணியை அளந்து வெட்டுகிற மாதிரி இருக்கும், மிச்சம் மீதி இருக்காது. அது எனக்குப் பெரிய எரிச்சல். கூட்டத்தில் இன்னொருவர் பெருமாநல்லூரில் இருந்து வருகிற மெர்ச்சண்டைசர் பெண், சின்ன வயதில் மூன்று வருடம் வயலின் படித்தவர். வாரம் முழுக்க, ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர்களிடம் தன்மையாகப் பேசுவதே அவருக்கு வேலை. அதற்கெல்லாம் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை எங்களை வாங்கு வாங்கென்று வாங்குவார்.

போன வருடம் புதியவர் இசையில் ஒரு படம் வந்தது. ஒரு லாரி டிரைவர் பல மாதம் கழித்து வீட்டுக்கு வருகிறான். கதவில் பூட்டுத் தொங்குகிறது. அதுவரை பொங்கிக்கொண்டு வந்த இசை சட்டென்று அடங்கிவிடும். அவன் பூட்டையே பார்த்துக்கொண்டு நிற்பான். பத்து நொடி கழித்து ஒற்றைச் செல்லோ ஒன்று கீழே இருந்து எழும். நான் அசந்து போனேன். வீட்டுக்கு வந்ததும் பதினோரு நிமிடத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். இத்தனை நாள் புதியவரைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அறுபது பேரைக் கையில் வைத்துக்கொண்டு, பத்து நொடி ஒன்றையும் வாசிக்க விடாமல் நிறுத்துவதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும், அந்த மௌனத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் தூசு என்றேன்.

குரூப்பில் கைத்தட்டல் படங்களாக வந்து விழுந்தன. ஒருவர், "ஆமாங்ணா, சத்தமே இல்லீங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு" என்று எழுதினார். அவர் அந்தப் படத்தையே பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மெர்ச்சண்டைசர் பெண் ஷிப்மென்ட் அவசரத்தில் தியேட்டர் பக்கமே போகவில்லை. சோமனூர்க்காரர் மட்டும் ஒரு வரி எழுதினார்.

"ஏனுங்ணா, அங்க வயலின் ஓடுதுங்களே. ரொம்ப மேல, சன்னமா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு நிமிடம் பேசியவனை ஒரு வரியில் கவிழ்க்கப் பார்க்கிறாரே! "காதுல பஞ்சு அடைச்சுட்டுப் படம் பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டேன். அத்தோடு விட்டேனா என்றால் இல்லை. வாரம் முழுக்கக் காலையும் மாலையும் அவரைக் கிண்டல் செய்தேன். நெட்டில் வெளியாகியிருந்த பின்னணி இசையை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு, அந்த இடத்தை மட்டும் முப்பது நாற்பது தடவை ஓட விட்டேன். வயலினும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அடுத்த ஞாயிறு அவர் பெரிய ஹெட்போன் ஒன்றைக் கொண்டுவந்தார். பேக்கரி மேஜையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, "இதுல ஒருக்காக் கேளுங்ணா" என்று என் தலையில் மாட்டிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இசை பொங்கியது, அடங்கியது, ஒன்றும் இல்லை, பிறகு செல்லோ. கழற்றி மேஜையில் வைத்தேன்.

"எங்கீங்க உங்க வயலின்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஹெட்போன் வயரை மெதுவாகச் சுருட்டினார்.

"இல்லீங்ணா. நாந்தேன் தப்பாக் கேட்டுட்டனாட்ட இருக்குது."

மேஜையைத் தட்டி ஆரவாரம் செய்தேன். சட்டத்திலேயே இல்லாத அபராதமாக, அவர் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு தின்றேன். தோற்றவர் வாங்கித் தருகிற பப்ஸுக்கு இருக்கிற ருசியே தனி.

அந்த வெற்றியில் மாதக்கணக்கில் மிதந்தேன். இடையில் யூனிட்டில் ஒரு சின்னச் சங்கடம். மூன்று ரோல் துணி திரும்பி வந்தது. மேலிருந்து கீழே நெடுக ஒரு கோடு. ஊசி உடைந்தது தெரியாமல் மெஷினை ஓட விட்டால் அப்படித்தான் கோடு விழும். பீகாரில் இருந்து வந்திருக்கும் ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தேன். "ஆவாஸ் ஆ ரஹா தா, சார்" என்றார் அவர். சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது, நீங்களும் அந்த மெஷின் பக்கத்தில்தான் நின்றீர்கள், நீங்கள் ஒன்றும் சொல்லாததால் நான் நிறுத்தவில்லை என்று பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் விளக்கினார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். மட்டமான ஊசி என்று சப்ளையரையும் திட்டினேன்.

இந்த வருடம் கோயம்புத்தூருக்கு ஒரு வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ரா வந்தது. ஒரு கல்லூரி அரங்கத்தில், சாயங்காலம் நான்கு மணிக்கு, சினிமாப் பின்னணி இசை மட்டும் வாசிக்கப் போகிறார்கள். அந்த லாரி டிரைவர் படமும் பட்டியலில் இருந்தது. மெர்ச்சண்டைசர் பெண் டிக்கெட் பிடித்துக் கொடுத்தார். மற்ற நாலு பேருக்கும் வேலை இருந்ததால் என் காரில் மூன்று பேராகப் போனோம். அரங்கத்தில் நான் நடுவில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் சோமனூர்க்காரர். நிஜமான அறுபது பேர் ஒரே மூச்சில் வாசித்ததை முதல் தடவையாக நேரில் கேட்டேன். செல்லோக்களும் டிரம்மும் நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து புறப்பட்டன. கல்யாண வீட்டுப் பிள்ளை மாதிரி திக்குமுக்காடிப் போனேன்.

என் பத்து நொடி வந்தது. இசை பொங்கி, அடங்கியது. சோமனூர்க்காரரின் முழங்கையைப் பிடித்து, "இப்பக் கவனிங்க" என்றேன். மேடையில் கொம்புக்காரர்கள் கொம்பை மடியில் வைத்துவிட்டார்கள். செல்லோக்காரர்கள் வில்லைக் கீழே இறக்கிவிட்டார்கள். ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர் மட்டும் இடது கையை உயர்த்திப் பிடித்திருந்தார்.

அப்போதுதான் பார்த்தேன். இடது பக்கம் உட்கார்ந்திருந்த வயலின்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் வில்லை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாக, எல்லா வில்லும் ஒன்றாக. சத்தம் இல்லை.

முதலில் எனக்கு வந்தது கோபம். டிக்கெட் வாங்கிக்கொண்டு சும்மா கையை ஆட்டி ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். அதைச் சொல்ல மெர்ச்சண்டைசர் பெண்ணின் பக்கம் திரும்பினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். இடது கை விரல் ஒன்று முழங்காலின் மேல் வயலின் கம்பியை அழுத்துவது போல அசைந்தது. பின் வரிசையில் ஒருவரும் இருமவில்லை. அரங்கம் மொத்தமும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் திரும்பினேன். சோமனூர்க்காரர் மேடையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லோ எழுந்தது. அது முழுசாகக் கேட்டது. முப்பது நாற்பது தடவை போட்டுக் கேட்டதும், மூன்று ரோல் துணியும், ஆபரேட்டர் சொன்னதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அந்த மௌனத்தைப் புதியவர் எழுதவே இல்லை. என்னுடைய ஆறு மெஷின்களும் சேர்ந்து எழுதிக் கொடுத்தது. அதற்குத்தான் நான் பதினோரு நிமிடம் பாராட்டுரை வாசித்திருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன வாசித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை.

வெளியே வந்ததும் சோமனூர்க்காரர் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் முன் இருக்கையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவினாசி ரோட்டுக்கு வந்ததும் அவரைக் கேட்டேன்.

"தம்பி, படத்துல உங்களுக்கு நெசமாவே வயலின் கேட்டுதுங்களா?"

"கேட்டுதுங்ணா."

"அப்பறம் எதுக்குங்க பேக்கரியில தப்பாக் கேட்டேன்னு சொன்னீங்க?"

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "எங்கய்யன் முப்பது வருசம் பவர்லூம் தறி ஓட்டுனாருங்ணா. காதுல மொதல்ல போனது இந்த மாதிரி சன்னமான சத்தந்தேன். ஊட்டுல யாராச்சும் காது கேக்கலீங்களான்னு கேட்டா சண்டைக்கு வருவாரு. அன்னிக்கு நீங்க ஹெட்போன் மாட்டிட்டு உக்காந்திருந்தப்ப நான் போன்ல நேரத்தப் பாத்துட்டே இருந்தனுங்க. வயலின் ஓடறப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். எங்கய்யன் மூஞ்சியாட்டவே இருந்துதுங்க. அதுக்கு மேல எனக்கு ஜெயிக்க மனசு வரலீங்ணா."

நான் அழுதேன். ஐம்பது வயதுக்கு மேல், ஒரு பெண் பின்னால் உட்கார்ந்திருக்க, கர்ச்சீப்பைத் தேடி எடுத்து நன்றாக அழுதேன். காது போனதற்காகப் பாதி. காதில் பஞ்சா என்று இந்த மனிதரைப் பார்த்துக் கேட்டேனே, அதற்காக மீதி. அந்த வாரமே டாக்டரிடம் போனேன். போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். இப்போது எங்கள் யூனிட்டில் ஆடிட் இல்லாத நாளிலும் எல்லோர் காதிலும் அடைப்பான் இருக்கிறது, என் காதிலும். ஆனால் அன்றைக்கு அந்தக் காரில் எனக்கு வேண்டியிருந்தது வேறு.

"சரி, அந்த வயலின் எப்படித்தேன் இருந்துது? ரெண்டு பேரும் சொல்லுங்க" என்றேன்.

மெர்ச்சண்டைசர் பெண் முன்னால் சாய்ந்துகொண்டார். "பூட்டு தொங்குதுங்களா, ஆனா உள்ள யாரோ இருக்கற மாதிரி வாசிக்கறாங்ணா. ஒரு நம்பிக்கைங்க அது."

"இல்லீங்க அம்மிணி" என்றார் சோமனூர்க்காரர். "உள்ள ஒருத்தரும் இல்லைன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. அதத்தேன் சொல்லுது. நம்பிக்கையெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"என்னங்க இது, அந்தக் கடைசிச் சுரம் மேல ஏறுதே, கேக்கலீங்களா?"

"ஏறுது. ஏறி அப்படியே விட்டுப் போகுதுங்களே!"

கருமத்தம்பட்டி தாண்டியும் விடவில்லை. இரண்டு பேருக்கும் சூடு ஏறிவிட்டது. வழக்கமாக இந்தக் கட்டத்தில்தான் நான் உள்ளே புகுவேன். அந்தப் பழக்கத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்ணா, எது சரி?" என்று கேட்டுவிட்டார்கள். கேட்ட பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. மெர்ச்சண்டைசர் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

எனக்குத் தீர்ப்பு எப்போதும் நாக்கு நுனியிலேயே இருக்கும். வாயைத் திறந்தேன்.

"எனக்குத் தெரியலீங்க" என்றேன். "நீங்க நிறுத்தாம பேசுங்க."

அவர்கள் பேசினார்கள். அவினாசி தாண்டி, பெருமாநல்லூரில் மெர்ச்சண்டைசர் பெண்ணை இறக்கிவிடும் வரை பேசினார்கள், எனக்காகக் கொஞ்சம் சத்தமாகவே.