மாப்பிள்ளை உட்கார்ந்த முக்காலி

என் சின்னத் தங்கைக்கு மூன்றும் பெண்கள். அதில் மூத்தவளுக்கு எங்கள் குடும்பத்தில் முக்காலி என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கிறது. அது பேங்குக்காரர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

அவள் படித்து முடித்து முதலில் வேலைக்குப் போனது ஒரு டேப் ரெக்கார்டர் கம்பெனிக்கு. என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அங்கே ஸ்டோர் பார்த்தார், அவர் சொல்லிச் சேர்த்துவிட்டார். முதலாளி ரேடியோ ரிப்பேர் பார்த்து மேலே வந்த மனிதர். வழுக்கையை மறைக்க எந்நேரமும் தொப்பி போட்டிருப்பார். அதனால் தொப்பிக்காரர்.

தொப்பிக்காரர் கம்பெனியில் ஒரு வழக்கம். புது மிஷின் செய்து முடித்தால் நேரே கடைக்கு அனுப்ப மாட்டார். மிஷின் என்றாலே முகம் சுளிக்கிற ஆளாகப் பார்த்து ஒருவரைக் கூட்டி வருவார். எதிர்க்கடைத் தையல்காரர் வருவார், இல்லாவிட்டால் கணக்கு எழுதுகிறவரின் மாமியார் வருவார். அவர்கள் கையில் மிஷினைக் கொடுத்து, "பாட வைங்க பார்ப்போம்" என்பார். அதைச் செய்த இன்ஜினியர் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார வேண்டும். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். வாய் திறக்கக் கூடாது. அது இல்லை, இந்தப் பொத்தான் என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் மிஷின் தோற்றது என்று அர்த்தம்.

"ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் உங்களையும் வச்சு அனுப்ப முடியாதில்ல?" என்று கேட்பார் தொப்பிக்காரர்.

எங்கள் பெண் முதல் தடவை உட்கார்ந்தபோது தையல்காரர் பாட்டுக் கேட்கப் போய், பதிவு செய்கிற பொத்தானை அமுக்கி, கேசட்டில் இருந்த பாட்டையெல்லாம் அழித்துவிட்டார். இவள் வாயை மூடிக்கொண்டு பார்த்திருந்தாள். மறுநாளே அந்தப் பொத்தானைத் தள்ளி வைத்து, சிவப்பாக்கி, ஒரு விரலுக்கு அசையாதபடி இறுக்கமாக்கினாள். அந்த மாடல்தான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது.

தூக்கி நிறுத்தியதைச் சாய்த்ததும் ஒரு மாடல்தான். தொப்பிக்காரர் பெரிய ஆளாகிவிட்டார், பேப்பரில் படம் வந்தது. அடுத்த மிஷினை அவரே கையால் வரைந்து செய்தார். முன்பக்கம் முழுக்கப் பொத்தான், சோளக்கதிர் மாதிரி. எல்லாருக்கும் மனசுக்குள் உறுத்தல்தான். ஆனால் முதலாளியை யார் முக்காலியில் உட்காரச் சொல்வது? ஒருவரும் சொல்லவில்லை. கடைக்குப் போன வேகத்தில் மிஷின்கள் திரும்பி வந்தன. கம்பெனி படுத்துவிட்டது.

மூடும்போது ஆளுக்கொரு சாமான் எடுத்துப்போனார்கள். ஒருவர் மின்விசிறி, ஒருவர் மேஜை. இவள் அந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர், "இதுக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றாராம். "இது மேல நீங்க உட்கார்ந்துக்குங்க. வாயைத் திறக்காம இருந்தீங்கன்னா எடுக்கறேன்" என்று இவள் சொன்னாளாம். பேர் அப்படி வந்ததுதான்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது, கற்றுக்கொண்டாள். போன் வந்தது, அதையும் விடவில்லை. இன்று ஒரு டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை வைத்து, சின்னஞ்சிறுசுகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு போனுக்குச் செயலி செய்து கொடுக்கிறாள். ஜன்னல் ஓரத்தில் அதே முக்காலி. யார் எதைச் செய்தாலும் செய்தவர் அதில் உட்காராமல் அது வெளியே போகாது. அவளே எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுடைய ஒரே மகளைக் கட்டிய மாப்பிள்ளையும் அங்கேதான் வேலை. கெட்டிக்காரப் பிள்ளை, நாலு பேர் வேலையை ஒருவராகச் செய்வார். ஓர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செயலி செய்தது அவர்தான். சிறுநீரகம் கெட்டவர்கள் அடுத்த முறை எப்போது வருவது என்று போனிலேயே பதிந்துகொள்ளலாம். வருகிற திங்கட்கிழமை டோக்கன் கவுண்டரை மூடிவிட்டு இதைத் திறப்பதாக ஏற்பாடு. அவர்கள் கைக்கு அதுவரை வந்த வேலைகளிலேயே பெரியது அது.

என் தம்பிக்கு அதே ஆஸ்பத்திரியில்தான் டயாலிசிஸ். முக்காலிக்குத் தாய்மாமன். வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் மருமகளைப் பார்க்கப் போனவன் சும்மா கேட்டிருக்கிறான், "இந்த ஆப்புக்கு முக்காலியில உட்கார்ந்தது யாரு?"

ஒரு பையன் மாப்பிள்ளையின் காலி நாற்காலியைப் பார்த்தான். ஒரு பெண் கூரையைப் பார்த்தாள்.

"ஓ, மாப்பிள்ளை செஞ்சதா" என்றான் என் தம்பி. "மாப்பிள்ளைக்கு நாற்காலிதான் போடணும், முக்காலி ஆகாதுதான்."

எங்கள் முக்காலிக்குச் சுருக்கென்றது. தொப்பிக்காரர் விஷயத்தில் மற்றவர்கள் செய்ததை இப்போது தானே செய்திருக்கிறாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

மகள் போனில் தடுத்துப் பார்த்தாள். "அம்மா, எல்லார் முன்னாடியும் அவரை உட்கார வச்சா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு. வீட்ல நான்தான் பார்க்கணும்."

"உன் புருஷனை நீ சமாதானம் பண்ணிடுவே. அங்க ஊசியோட படுத்திருக்கிறவங்களை யாரு சமாதானம் பண்றது?"

மாப்பிள்ளையிடம் அவளே போனாள். "மாப்பிள்ளை, நாளைக்கு மாமாவோட ஆஸ்பத்திரியில நீங்க உட்காரணும்."

"எதுல அத்தை?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவர் முகம் சுருங்கியது. "எல்லாம் நாலு தடவை சரிபார்த்தாச்சே, அத்தை."

"நீங்க பார்த்தாச்சு. மாமா இன்னும் பார்க்கல."

மறுநாள் தம்பிக்குத் துணையாக நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை முக்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தையோடு வந்தார். "இங்க நாற்காலி இருக்கே சார்" என்றாள் நர்ஸ். "இது உட்கார்றதுக்கு இல்லம்மா, தண்டனை" என்றான் என் தம்பி.

வலது கையில் ஊசி ஏற்றி மிஷினை ஓட விட்டார்கள். இனி அந்தக் கையை அசைக்கக் கூடாது. அப்படிப் படுத்திருக்கிற நேரத்தில்தான் எல்லாரும் அடுத்த முறைக்குச் சொல்லிவைப்பது வழக்கம். தம்பி இடது கையில் போனை எடுத்தான். வெள்ளோட்டம்தான், தப்பானாலும் நிஜமான முறை போய்விடாது. வியாழக்கிழமையைத் தொட்டான். உறுதி செய்கிற பொத்தான் வலது மேல் மூலையில் இருந்தது. இடது கட்டைவிரலை நீட்டினான், எட்டவில்லை. இன்னும் நீட்டினான். போன் நழுவி நெஞ்சின் மேல் விழுந்தது.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். சுவர் ஓரமாக நின்ற அத்தை லேசாக இருமினாள். மூடிக்கொண்டார்.

போனைத் தேடி எடுப்பதற்குள் திரையில் வேறு ஏதோ வந்துவிட்டது. தம்பி கண்ணைச் சுருக்கிப் படித்தான். "'இன்னும் இருக்கிறீர்களா?'ன்னு கேக்குது." பிறகு போனைப் பார்த்து, "இருக்கேன்னுதான் நினைக்கிறேன்" என்றான். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சிரித்தார். மாப்பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் வேர்வை.

மறுபடி பிடித்தபோது கட்டைவிரல் கீழே இருந்த எதிலோ பட்டது. உங்கள் முறை ரத்து செய்யப்பட்டது, நன்றி என்று வந்தது.

"வியாழக்கிழமை எனக்குக் கட்டில் இல்லையாம்" என்றான் தம்பி. "மரியாதையாத்தான் சொல்லுது."

மாப்பிள்ளை எழுந்து, தம்பி கையிலிருந்து போனை வாங்கினார். தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு இடது கையால் அந்தப் பொத்தானை எட்டிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். எட்டவில்லை.

"அத்தை, திங்கட்கிழமை திறக்க வேணாம்" என்றார்.

அவள் அங்கிருந்தே நிர்வாகியின் அறைக்குப் போனாள். நிர்வாகிக்குக் கோபம். "வேற பெரிய கம்பெனி தயாரா இருக்காங்க, தெரியுமில்ல?"

"தாராளமா குடுங்க சார். ஆனா அதைச் செஞ்சவரை ஒரு கட்டில் பக்கத்துல வாய் பேசாம உட்கார வச்சுட்டுக் குடுங்க. முக்காலி நானே தர்றேன்."

நிர்வாகி எழுந்து வந்து, தம்பியின் கட்டிலருகில் நின்று, ஊசி ஏறியிருந்த கையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பிப் போய், டோக்கன் கவுண்டர்காரரை இன்னும் சில வாரம் இருக்கச் சொல்லிவிட்டார்.

அந்த வாரங்களில் மாப்பிள்ளை தினமும் அங்கே போனார். எந்தக் கை காலியாக இருக்கிறது என்று செயலியே கேட்டு, பொத்தானெல்லாம் அந்தப் பக்கம் வருகிற மாதிரி மாற்றினார். ரத்து செய்கிறதைத் தள்ளி வைத்து, நிஜமாகவா என்று ஒருதரம் கேட்க வைத்தார். தொப்பிக்காரர் கம்பெனியின் சிவப்புப் பொத்தான் கதையை அவருக்கு யாரும் சொன்னதில்லை.

திறந்த அன்றைக்கு யாரும் கூப்பிடாமலே முக்காலியைப் போட்டு, கையைப் பின்னால் கட்டி உட்கார்ந்தார். தம்பியின் கட்டைவிரல் ஒரு தடவை தொட்டது, இன்னொரு தடவை தொட்டது. முடிந்துவிட்டது.

"வியாழக்கிழமை வர்றேன்" என்றான் தம்பி. "மாப்பிள்ளை, இப்ப வாயைத் திறக்கலாம்."

"கையை எடுத்துக்கலாமா தாத்தா? மரத்துப் போச்சு."

"அது என் கையில இல்ல. உங்க அத்தையைக் கேளுங்க."