வறண்ட கண்மாய்களையும் எண்ணினோம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் நான் புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். என் கணவர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பறவை பார்க்கப் போவோம். குடுமியான்மலை போகும் வழியில் ஒரு பெரிய கண்மாய். மழை ஓய்ந்ததும் வடக்கேயிருந்து தாராக்கள், அதாவது காட்டு வாத்துகள், வந்து இறங்கும். அவற்றை எண்ணி எழுதி வைப்போம். யாரும் கேட்டு எண்ணவில்லை, ஆசைதான்.

கூட்டமாக மிதப்பவற்றை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்து தாரா எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்துக்கொண்டு, பத்துப் பத்தாகத் தாண்டிப் போக வேண்டும். அவர் முடித்ததும் உரக்கச் சொல்லிவிடுவார். பிறகு நான் எண்ணினால் என் கணக்கும் அதன் பக்கத்திலேயே போய் நிற்கும். "இனிமே நானும் முடிச்ச பெறகு வாயைத் தெறங்க" என்றேன். அன்றிலிருந்து எங்கள் கணக்குகள் ஒத்துப்போனதே இல்லை. இரண்டையும் எழுதினோம்.

அங்கே துப்பாக்கியோடு வந்து சுடுகிறவர்கள் உண்டு. ஒரு தை மாதம், இறக்கை ஒடிந்த தாரா ஒன்றை அவர் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கட்டுப் போட்டும் பிழைக்கவில்லை. சுடுவதைத் தடுக்கச் சொல்லி சமஸ்தானத்துக்கு மனுக் கொடுக்கத் தீர்மானித்தார். "வருசா வருசம் கொறையுதுன்னு கணக்கோட காட்டணும்."

அடுத்த மார்கழியில் போய்ப் பார்த்தால், தண்ணீர் தெரியாத அளவுக்குத் தாரா. அவர் முகம் வாடிவிட்டது. வீட்டுக்கு வந்து மனு எழுத உட்கார்ந்தவர், எண்ணியதில் பாதியைத்தான் போட்டார்.

"இது நாம எண்ணுனது இல்லீங்களே."

"அதுக நல்லதுக்குத்தானே எழுதுறேன்? நெசத்தை எழுதுனா, நெறையத்தானே கெடக்குன்னுருவாங்க."

"அப்ப எண்ணாமலே வீட்டுல உக்காந்து எழுதியிருக்கலாம்."

மனு சில நாள் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு காலையில், காப்பி டம்ளரைக் கீழே வைத்தபடி அவரே ஆரம்பித்தார். "போன வருசம் நல்ல மழை. எல்லாக் கண்மாயிலயும் தண்ணி, அதுக பிரிஞ்சு கெடந்துச்சு. இந்த வருசம் இது ஒண்ணுலதான் தண்ணி. ஒன் கணக்கும் முழு நெசம் இல்ல, பாத்துக்க."

அது சரிதான். ரோட்டுக்குப் பக்கம், பறவையும் நிறைய என்றுதான் நாங்கள் அந்த ஒரே கண்மாய்க்குப் போய்க்கொண்டிருந்தோம். மற்றதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

மாட்டுவண்டி பேசி, கொடும்பாளூர்ப் பக்கம் வரை மற்றக் கண்மாய்களையும் பார்த்தோம். பாளம் பாளமாக வெடித்த மண், மேயும் ஆடுகள். ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்று எழுதினேன். வண்டிக்காரர் சிரித்தார். "இல்லாததை எண்ணவா வண்டி பேசுனீங்க?"

எல்லாவற்றையும் சேர்த்து, மழை குறைந்ததையும் சொல்லி மனுவை அனுப்பினோம். பதில் வரவில்லை. தையில் வழக்கம்போல வேட்டுச் சத்தம் கேட்டது. "கொறச்சு எழுதியிருந்தா மட்டும் நிறுத்தியிருப்பாங்களா?" என்று அவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். கொஞ்சம் குற்ற உணர்வும் இருந்தது.

பிறகு யுத்தம் வந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க வேட்டுச் சத்தமே இல்லை. அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் வீடு தேடி வந்து, "ஒங்க மனு வேலை செஞ்சிருச்சுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். என் கணவருக்கும் அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அதனால இல்லீங்க," என்றார். "யுத்தத்துல தோட்டா கெடைக்கல. அதான் வரல."

வந்தவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நான் காப்பி போட உள்ளே போனேன்.